ஓடாத வண்டியின் பிரேக்

பழைய வண்டியைக் கையிலெடுக்கிற எவரும் முதலில் போய் நிற்பது இன்ஜினிடம்தான். கிக்கரை உதைத்துப் பார்ப்பார்கள், பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார்கள், கார்புரேட்டரைப் பிரித்துப் போடுவார்கள். என்றைக்கோ ஒரு சாயங்காலம் அது இரண்டு தரம் இருமிவிட்டுப் பற்றிக்கொள்ளும். அக்கம்பக்கத்து வீட்டு வாசல்களில் தலைகள் தெரியும். அந்தச் சந்தோஷத்தில் அப்படியே கியரைப் போட்டு முக்குக் கடை வரைக்கும் ஒரு ரவுண்டு. பிரேக்? "அதெல்லாம் லேசாப் பிடிக்குது."

எனக்குப் பயம் இந்த 'லேசா'வில்தான். இன்ஜின் கெட்டால் வண்டி ஓடாது. வீட்டில் நிற்கும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. பிரேக் கெட்ட வண்டி நன்றாகவே ஓடும். அதிலும், ஓட்டி ஓட்டித் தேய்ந்த பிரேக் கத்தும், கிறீச்சிடும், தன் நிலைமையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நின்று கெட்ட பிரேக் வாயே திறக்காது.

நான் பிரித்தது என் மாமாவின் சிபிஇசட் பைக். நாகப்பட்டினத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஸ்கூட்டருக்கு மாறிவிட்டார். இது பின்கட்டில் கீற்றுக் கொட்டகைக்குள் சாக்கு போர்த்தி வருஷக்கணக்கில் நின்றது. என்னிடம் கொடுக்கும்போது, "ஓடாத வண்டி மாப்ளே, என்ன தேஞ்சிருக்கப் போவுது? பெட்ரோல ஊத்துனா கெளம்பிடும்" என்றார். வீட்டுச் சாமான் ஏற்றி வந்த குட்டி யானையின் பின்பக்கத்தில் ஏற்றிக் கயிறால் கட்டி அம்பத்தூருக்கு வந்து சேர்ந்தது.

ஹீரோ ஹோண்டா 1999-இல் இந்த வண்டியை இறக்கியபோது எல்லாரும் அந்த 156.8 சிசி இன்ஜினைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்குக் கண் போனது முன் சக்கரத்தில் இருந்த 240 மில்லிமீட்டர் டிஸ்க் மீது, அதாவது பேடுகள் இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துகிற அந்த இரும்புத் தட்டின் மீது. எங்கள் பக்கம் அதுவரை ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் டிரம்தான்; சக்கரத்தின் நடுவிலிருக்கிற வட்டப் பெட்டிக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உராய்கிற வகை. ராஜ்தூத் 350-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலமான யமஹா ஆர்டி 350-க்கு முன்னால் டிஸ்க் இருந்தது. 1983-இல் எஸ்கார்ட்ஸ் அதை இங்கே தயாரிக்கத் தொடங்கியபோது டிஸ்க்கை எடுத்துவிட்டு டிரம்மை மாட்டியது. அவ்வளவு சீறுகிற வண்டியைக் கேபிளில் இழுக்கிற பிரேக்கை நம்பி ஓட்டினார்கள். அந்தப் பேரைச் சொன்னதும் கண் மின்னுகிற பெரியவர்கள் அடுத்த வாக்கியத்தில் பிரேக்கைத் திட்டுவது அதனால்தான்.

மாமா சொன்ன "ஓடாத வண்டி தேயாது" என்பது செயினுக்குப் பொருந்தும், கிளட்ச் பிளேட்டுக்குப் பொருந்தும். டிஸ்க் பிரேக்குக்கு நேர் எதிர். காரணம் உள்ளே இருக்கிற பிரேக் ஆயில். நாம் கடையில் கேட்டு வாங்குகிற டாட் 3, டாட் 4 இரண்டுமே கிளைக்கால் வகை திரவங்கள். காற்றிலிருக்கிற ஈரத்தைத் தாமாகவே உறிஞ்சிக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரக்கணக்கு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்குகிறவருக்கு இந்த எண்களின் அருமை தெரியும். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். லீவர் கைப்பிடி வரை சும்மா வந்துவிடும்.

மலையே ஏறாமல் கொட்டகையில் நின்ற வண்டிக்கு இந்த ஈரம் வேறு விதமாக வேலை செய்கிறது. டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரின் அலுமினியத்தை அரிக்கிறது. அதற்குள்ளிருந்து பேடைத் தள்ளுகிற பிஸ்டனின் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு வழி கிடைத்தால் அடியிலிருக்கிற இரும்பைத் தின்கிறது. ஓடுகிற வண்டியில் பிஸ்டன் அசைந்துகொண்டே இருக்கும், சர்வீஸில் எப்போதாவது ஆயிலை மாற்றியும் விடுவார்கள். நிற்கிற வண்டியில் எல்லாம் அதே கோட்டில், அதே ஈரத்தில் ஊறிக் கிடக்கும். கூடவே நாகப்பட்டினத்து உப்புக் காற்று.

மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கினேன். ஹேண்டில்பாரில் இருக்கிற சின்னப் பெட்டி; லீவரை அமுக்கினால் ஆயிலைக் கீழே காலிப்பருக்குத் தள்ளுவது இதுதான். மேல்மூடியில் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ. பழைய டிஸ்க் பிரேக்கைப் பிரிப்பவர்களின் முதல் தோல்வி பெரும்பாலும் இந்த ஸ்க்ரூவில்தான். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளின் ஸ்டார் தலையில் நம் சாதாரண ஸ்க்ரூடிரைவர் முழுதாக உட்காராது. திருகினால் தலை வழித்துக்கொண்டு போகும். சரியான முனையை வைத்துச் சுத்தியலால் பொத்தென்று ஒரு தட்டு, பிறகு அழுத்திக்கொண்டே திருப்பு. தட்டுகிற அதிர்ச்சியில் அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கிடந்த துரு விட்டுக்கொடுக்கும்.

மூடியைத் தூக்கினால் கருப்பட்டிக் காபி. புது பிரேக் ஆயில் லேசான வைக்கோல் நிறத்தில், அடித்தட்டு தெரிகிற மாதிரி இருக்கும். இதில் அடியில் கொழகொழவென்று ஒரு படிவு, அதற்குள் மணல் மணலாக ஏதோ. சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அடித்தளத்தில் இரண்டு துளைகள் இருக்க வேண்டும். பெரியது தெரிந்தது, சிறியதைக் காணவில்லை.

இந்தச் சின்னத் துளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி மெக்கானிக் கடைகளில் இப்படி ஒன்று இருப்பதையே கண்டுகொள்வதில்லை. லீவரை விட்டதும் லைனில் மிச்சமிருக்கிற அழுத்தம் இந்தத் துளை வழியாகத்தான் மேலே பெட்டிக்குத் திரும்புகிறது. அடைத்துக்கொண்டால் ஆயில் திரும்ப வழியில்லை. பிரேக் பிடித்தபடியே இருக்கும், டிஸ்க் சூடாகும், சூட்டில் ஆயில் விரியும், இன்னும் இறுக்கும். கடைசியில் முன் சக்கரம் ஓடும்போதே கட்டிக்கொள்ளும். "டிஸ்க் ஜாம் ஆவுது" என்று காலிப்பரை மாற்றி, பேடை மாற்றி, ஹோஸை மாற்றியும் தீராத வண்டிகளில் கோளாறு பல சமயம் இந்தக் குண்டூசி முனைத் துளைதான். பழைய கிளட்ச் கேபிளிலிருந்து ஒரே ஒரு இழையைப் பிரித்தெடுத்து, மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி உள்ளே விட்டேன். வெள்ளையாக ஒரு பொடி வந்தது, பிறகு வழி விட்டது. எல்லாம் மாட்டிய பிறகு லீவரை லேசாக அசைத்தால் ஆயிலின் மேற்பரப்பில் ஒரு குட்டி ஊற்று எழும்ப வேண்டும். எழும்பினால் துளை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கண்ணில் பட்டால் எரியும், டேங்கில் பட்டால் பெயிண்ட் உரியும்.

லீவருக்குப் பின்னால் சர்க்ளிப்பைக் கழற்றி உள்பிஸ்டனை இழுத்தால் அதன் ரப்பர் கப் கல்லாகி, விளிம்பு உடைந்திருந்தது. சிலிண்டரின் உள்சுவரை விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். நகம் எங்கும் சிக்கவில்லை. சிக்கியிருந்தால் ரப்பர் கப்பும் சீலும் அடங்கிய கிட் மாற்றுவதெல்லாம் வீண்; முழு மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றியே தீர வேண்டும்.

அடுத்தது காலிப்பர். பேடுகளை எடுக்கும்போதே ஒன்று கையோடு இரண்டாக வந்தது. இரும்புத் தகடு தனி, உராய்கிற பொருள் தனி. துரு நடுவில் புகுந்து நெம்பிப் பிரித்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தடிமனான, தேயாத, 'இன்னும் பத்தாயிரம் ஓடும்' என்று சொல்லத்தக்க பேட்! மாமாவின் 'என்ன தேஞ்சிருக்கப் போவுது' ஞாபகம் வந்தது. உண்மைதான், தேயவில்லை.

பிஸ்டன் அசைவேனா என்றது. சுத்தியலும் பிளையரும் இங்கே வேலைக்காகாது. பிளையர் ஒரு கடி கடித்தால் குரோம் போச்சு, பிஸ்டனும் போச்சு. பல பேர் பங்க்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்று வைப்பார்கள். இரண்டு காரணத்துக்காக நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. ஒன்று, பிஸ்டன் விட்டுக்கொடுக்கிற அந்தக் கணத்தில் குண்டு மாதிரி தெறிக்கும், விரல் நடுவில் இருந்தால் நசுங்கும். இரண்டாவது, காற்றுக்கு அவ்வளவு பலமும் இல்லை. கடைக் கம்ப்ரஸரில் 100 பவுண்டு கிடைத்தால் அதிகம். பிரேக் லீவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கையால் சுமாராக 10 கிலோ அழுத்தம். லீவர் அதை ஐந்து மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ. அரை அங்குல விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 1.27 சதுர சென்டிமீட்டர். வகுத்தால், டயர் காற்றுக் கணக்கில் 500 பவுண்டுக்கு மேல் வருகிறது. வண்டியிலேயே இருக்கிற இந்த அமுக்கியை விட்டுவிட்டு வேறு எதைத் தேடுவது?

ஆனால் அந்த நேரம் மாமா வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் மேஜை மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். டிரம் பிரேக்கில் அவர் கை வைத்தால் ஒரு ஆசாரி மரத்தைத் தொடுகிற நிதானம்; டிஸ்க் என்றால் கொஞ்சம் முகம் சுளிப்பார். "எண்ணெய நம்பி எப்படித் தம்பி வண்டிய நிறுத்துறது?" என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. ஆனாலும் பரணில் இருந்து ஒரு பழைய பல்சர் மாஸ்டர் சிலிண்டரை ஹோஸோடு எடுத்துக் கொடுத்தார். அதை வைஸில் பிடித்து, காலிப்பரில் இணைத்து, ஆயில் ஊற்றி லீவரை அமுக்க அமுக்க, முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் டக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக, எந்தக் கலவரமும் இல்லாமல் பிஸ்டன் வெளியே வந்தது.

பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையமான சீல் உட்காரும் பள்ளத்தில்தான் அசல் குற்றவாளி இருந்தான். வெள்ளையாக, சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி, கெட்டியாக. அரித்த அலுமினியத்தின் மிச்சம். அது பள்ளத்தின் அடியில் வளர்ந்து சீலைப் பிஸ்டன் பக்கமாகத் தள்ளுகிறது. சீல் பிஸ்டனின் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்த சீலின் வெட்டுமுகம் வட்டமல்ல, சதுரம். டிஸ்க் பிரேக்கின் முழு சாமர்த்தியமும் அதில்தான் இருக்கிறது. பிஸ்டன் முன்னால் போகும்போது சீல் அதோடு ஒட்டியபடி லேசாக முறுக்கிக்கொள்ளும். லீவரை விட்டதும் முறுக்கு அவிழ்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னால் இழுத்துக்கொள்ளும். தனியாக ஸ்பிரிங் கிடையாது, அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. பேட் தேயத் தேய பிஸ்டன் சீலுக்குள் வழுக்கிக்கொண்டு முன்னேறிவிடும். இவ்வளவையும் செய்கிற ரப்பர் வளையம் அந்தப் பொருக்கின் மேல் உட்கார்ந்தால் முறுக்கவும் முடியாது, அவிழவும் முடியாது. பழைய பல் டாக்டர் கொக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது; அதைக் கொண்டு பள்ளத்தை மட்டும் சுரண்டினேன், பிஸ்டன் ஓடுகிற சுவரைத் தொடாமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க இதற்கே போனது. டிவியில் கிரிக்கெட் ஓடியதால் வலி தெரியவில்லை.

கழுவும்போது அண்ணனுக்கும் எனக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். "பெட்ரோல்ல ஒரு அலசு அலசினா பளிச்சுன்னு ஆயிடும்" என்றார். இன்ஜின் பாகத்துக்குச் சரி. பிரேக் சீல்கள் வேறு வகை ரப்பர். கிளைக்காலைத் தாங்கும், பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ் எதையும் தாங்காது. சொன்னால் நம்ப மாட்டார் என்று பழைய சீலை ஒரு மூடியில் பெட்ரோல் ஊற்றிப் போட்டு வைத்தேன். மறுநாள் அது ஊதிப்போய், பிஸ்டனில் மாட்டினால் தொளதொளவென்று தொங்கியது. அண்ணன் அதை விரலில் மோதிரமாக மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பிரேக் பாகங்களைப் பிரேக் ஆயிலாலேயோ பிரேக் கிளீனராலேயோதான் கழுவ வேண்டும். சீலுக்குத் தடவுவதும் பிரேக் ஆயிலோ, அதற்கென்று விற்கிற சிவப்பு ரப்பர் கிரீஸோதான்.

பிஸ்டனில் சீல் ஓடும் இடத்தில் குழி விழுந்திருந்தது, ஆகவே புதிது. சாமான் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். அங்கே ஒரு கடையில் கொடுத்த கிட்டின் கவர் அசலாகத்தான் இருந்தது; உள்ளே இருந்த சீலின் சதுர விளிம்பில் அச்சில் வார்த்த பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடை ஏறினேன். விலையைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். ஹோஸையும் மாற்றிவிட்டேன். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். அழுத்தத்தை அனுப்பும், திரும்ப விடாது. அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்பதால் வாதமே வேண்டாம். ஹோஸை மாட்டுகிற பாஞ்சோ போல்ட்டின் செப்பு வாஷர்களும் புதிது. அவை நசுங்கித்தான் அடைக்கும், ஒருமுறை நசுங்கியது மறுமுறை நம்பத்தக்கதல்ல.

பின்னால் 130 மில்லிமீட்டர் டிரம். இங்கே அண்ணன் ராஜா. சக்கரத்தைக் கழற்றியதும் நான் தூசியை ஊதப் போனேன் என்று நினைத்து, "ஊதாத!" என்று அதட்டினார். ஊதும் எண்ணம் எனக்கு இல்லைதான், ஆனாலும் அதட்டல் சரி. ஷூவின் மேல் ஒட்டியிருக்கிற உராய்வுப் பட்டைதான் லைனிங்; பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுத்துத் துணியையும் கட்டி எறிந்துவிட வேண்டும். இத்தனைக்கும் பாடி, அம்பத்தூர் பக்கம் பிரேக்குக்கே பேர்போன ஊர். பிரேக்ஸ் இந்தியா 1962-இல் தொடங்கியது, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே பிரேக் லைனிங் எல்லாம் சுற்று வட்டாரம்தான். அண்ணன் கடைக்கு வருகிற பாதிப் பேர் ஏதோ ஒரு பிரேக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தவர்கள். லைனிங் பற்றி வாயைத் திறந்தால் ஆளுக்கொரு அபிப்பிராயம் வரும்.

ஷூ இரண்டில் ஒன்றின் லைனிங் ஓரத்தில் எழும்பியிருந்தது. முன்னால் பேடுக்கு ஆனதேதான்: பசை விட்டு, துரு நெம்பி. டிரம்முக்குள் இது நடந்து துண்டு மாட்டிக்கொண்டால் பின் சக்கரம் கட்டிக்கொண்டு வண்டி இழுத்துக்கொண்டே போகும். ஷூக்களை விரிக்கிற கேம் தண்டு தன் ஓட்டையில் துருவோடு இறுகிக் கிடந்தது. இது இறுகினால் மிதிக்கிற பலம் பாதி அங்கேயே செலவாகும்; காலை எடுத்தாலும் ஷூ திரும்பாது. கழற்றி, தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவினோம். அதிகம் தடவினால் உருகி லைனிங்கில் ஏறும். டிரம்மின் உள்விளிம்பில் துரு மேடு. லேத்துக்கு அனுப்பும் அளவுக்கு இல்லை, உப்புத்தாளே போதும் என்று அண்ணன் தீர்ப்பளித்தார். மாட்டும்போது அவர் செய்த ஒரு காரியத்தை எல்லாரும் செய்ய வேண்டும்: ஆக்சில் நட்டை இறுக்கும்போது பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஷூக்கள் டிரம்மின் நடுவில் தாமே போய் உட்கார்ந்தபின் இறுக்கினால்தான் முழு லைனிங்கும் படும்.

கடைசி வேலை ஏர் எடுப்பது, அதாவது பிரேக் லைனுக்குள் இருக்கிற காற்றை வெளியேற்றுவது. காலியான லைனை மேலிருந்து லீவரால் நிரப்புவது பொறுமையின் பரீட்சை. காற்று மேலே ஏறப் பார்க்கும், நாம் அதைக் கீழே தள்ளிக்கொண்டிருப்போம். மெடிக்கல் ஷாப்பில் பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி, குழாய் மாட்டி, காலிப்பரின் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலாக ஆயிலை ஏற்றினேன். குமிழ்கள் தாமாகவே மாஸ்டர் சிலிண்டர் பெட்டியில் வந்து வெடித்தன. பிறகு வழக்கமான முறை: லீவரை அமுக்கிப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, அப்புறம்தான் லீவரை விடு. ராத்திரி லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து ஒரு கயிறால் கட்டிவைத்தேன். காலையில் லீவர் இன்னும் கெட்டியாக இருந்தது. மிச்சமான ஆயில் பாட்டிலைப் பரணில் வைக்காதீர்கள், திறந்த பாட்டிலும் ஈரம் குடிக்கும். சின்ன பாட்டிலாக வாங்குங்கள்.

புது பேடும் ஷூவும் முதல் நாளிலேயே பிடிக்காது. ஆள் இல்லாத ரோட்டில் மிதமான வேகத்திலிருந்து, முழுக்க நிறுத்தாமல் பலமுறை பிடித்துப் பிடித்து விட்டு, நடுநடுவே ஆற விட வேண்டும். அதைச் செய்து முடித்த பிறகுதான் மாமாவைக் கூப்பிட்டேன்.

ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வண்டி ஓடிய காலத்திலேயே மாமா முன் பிரேக்கைத் தொட்டதில்லை. "முன் பிரேக்கப் புடிச்சா குப்புற அடிச்சிடும்" என்பது அவர் தலைமுறையின் வேதவாக்கு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது; முன் டயர்தான் அப்போது ரோட்டை அழுத்திப் பிடிக்கும், பின் டயர் லேசாகி வழுக்கத் தயாராக இருக்கும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்னால்தான். மண்ணிலும் மழைத்தண்ணீரிலும் திடீரென்று இறுக்கினால் விழுவது உண்மை. அதற்காகத்தான் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும், சக்கரம் கட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் கட்டாயமானது. மாமாவின் வண்டியில் ஏபிஎஸ் அவருடைய விரல்தான். இரண்டு விரலால், மெதுவாகத் தொடங்கி, போகப் போக இறுக்கச் சொன்னேன்.

தெருவில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து நிறுத்தினார். முகம் அவ்வளவு திருப்தியாக இல்லை.

"ரொம்பப் புடிக்குது மாப்ளே. கொஞ்சம் லூஸ் பண்ணிக் கொடேன்."

"டிஸ்க்குல லூஸ் பண்றதுக்கு ஸ்க்ரூ ஒண்ணும் கெடயாது மாமா."

"அப்ப பின்னாடியாவது கொஞ்சம் டைட் பண்ணு" என்றார்.